லைக்கார்ட் ஓவலை என்ன செய்வது? நான்கு வழிகளும் ஒரு புல்மேடும்

வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கழகத்துக்கு ஒரு ரக்பி லீக் பருவத்தில் சொந்த மைதானத்தில் ஆடக் கிடைப்பவை 12 ஆட்டங்கள்தான். அவற்றையும் சிட்னியின் உள்மேற்கில் குடாவோரமாக இருக்கும் லைக்கார்ட் ஓவலுக்குக் கொஞ்சம், தென்மேற்கில் இருக்கும் காம்பல்டவுனுக்குக் கொஞ்சம், இரு பக்கத்தாருக்கும் பொதுவான இடம் என்ற பெயரில் பரமட்டாவுக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டுக் கொடுப்பது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆகவே லைக்கார்ட் ஓவலைத் திருத்துவதா, இடித்துக் கட்டுவதா, விட்டுவிட்டுப் போவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கட்டடத்தோடு அது நிற்பதில்லை. இந்தக் கழகம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கும் கூடவே எழுந்துவிடுகிறது. அந்த வழக்கை ஒதுக்கிவிட்டுச் செலவையும் இருக்கைகளையும் மட்டும் ஒப்பிட்டால் கணக்குச் சரியாக வரும், ஆனால் எந்த இரசிகரும் அதை ஏற்கமாட்டார். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதால் வழக்கின் மூலத்திலிருந்து தொடங்குகிறேன்.

சிட்னியில் ரக்பி லீக் போட்டித்தொடர் 1908 ஏப்ரல் 20 அன்று தொடங்கியது. அன்றைய ஆட்டங்களில் ஒன்றில் பால்மெய்ன் அணி, வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியை பேர்ச்குரோவ் மைதானத்தில் 24-0 என்று தோற்கடித்தது. பால்மெய்ன் 1934இல் லைக்கார்ட் ஓவலுக்கு வந்தது. வெஸ்டர்ன் சபர்ப்ஸ் லிட்கம்பை விட்டு 1987இல் காம்பல்டவுனுக்குப் போனது. முதல் நாளில் எதிரெதிரே நின்ற அந்த இரண்டு கழகங்களும் 1999ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் ஒன்றாக இணைந்தன. பால்மெய்னின் புலியையும் வெஸ்ட்ஸ் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்ட புதிய அணி 2005இல் சம்பியன் ஆனது. இன்று கழகத்தின் பெரும்பங்கை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர்கூட வெஸ்ட்ஸ் வீரர் கீத் ஹோல்மனையும் பால்மெய்ன் வீரர் கீத் பார்ன்ஸையும் சேர்த்து வைத்ததுதான். பெயரில் ஒற்றுமை வந்துவிட்டது. மைதானத்தில் இன்னும் வரவில்லை.

லைக்கார்ட் ஓவலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறத்தாழ 20,000 பேர் கொள்ளும் இடம் அது, ஆனால் அந்த எண்ணிக்கையில் கூரையின் கீழ் உட்காருபவர்கள் சிறு பகுதியினரே. மற்றவர்கள் புல்மேட்டில் நிற்பார்கள், அல்லது விரிப்பைப் போட்டு உட்காருவார்கள். பால்மெய்னின் முன்னாள் அணித்தலைவர் வேய்ன் பியர்ஸின் பெயரைத் தாங்கிய அந்த மேட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டமொன்றைப் பார்த்தவருக்கு, இவ்வளவு பழுதான இடத்தின்மீது இவ்வளவு பாசம் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன்மேல் உட்கார்ந்து சரிவில் சறுக்கும் பிள்ளைகள் ஆட்டத்தின் பாதியைப் பார்ப்பதேயில்லை. அவர்களுடைய தாத்தாமார் ஒரு நொடியையும் விடுவதில்லை. பக்கவாட்டுக் கோட்டுக்கும் மேட்டின் அடிக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் காதில் விழும். தொலைக்காட்சியில் அது ஒருபோதும் கேட்பதில்லை. இரசிகர்கள் இந்த இடத்தை உலகின் எட்டாவது அதிசயம் என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் மிகை உண்டு, பொய் இல்லை.

ஆனாலும் இருப்பதை இருப்பதுபோலவே விட்டுவிடலாம் என்பது இனி ஒரு வழியே அல்ல. 2024 யூலையில் பாடசாலை அணிகள் இரண்டு மோதிய ஆட்டத்தின்போது பார்வையாளர்கள் சாய்ந்து நின்ற கம்பித்தடுப்பு ஒன்று முறிந்து, பலர் கீழே விழுந்து காயப்பட்டார்கள். பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. பழமையின் அழகைப் பற்றி நாம் எழுதியதையெல்லாம் அந்த ஒரு காட்சி நிறுத்திவிட்டது. கம்பித்தடுப்பு வெளியே தெரிந்த பழுது மட்டும்தான். இடைவேளை பத்து நிமிடம். பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றவர் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிடும். சக்கரநாற்காலியில் வருபவருக்குப் போகக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. கழகத்தின் பெண்கள் அணி 2023இலிருந்து தேசியத் தொடரில் ஆடுகிறது, ஆனால் உடை மாற்றும் அறைகள் ஆண்கள் மட்டுமே ஆடிய காலத்துக்காகக் கட்டப்பட்டவை.

முதல் வழி, அளவான திருத்தம். தடுப்பு முறிந்த பிறகு கூட்டரசு 20 மில்லியன், மாநில அரசு 10 மில்லியன், மைதானத்தின் உரிமையாளரான இன்னர் வெஸ்ட் நகரசபை 10 மில்லியன் என்று மொத்தம் 40 மில்லியன் டொலர் ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது. பிரதமர் அல்பனீஸியின் தொகுதிக்குள் இந்த மைதானம் வருவதால் பணம் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும் தேவை பொய்யாகிவிடாது. இந்தத் தொகைக்குள் பாதுகாப்பு, கழிப்பறை, உடை மாற்றும் அறைகள், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வந்துபோகும் பாதைகள், இருக்கை வசதியில் ஓரளவு விரிவு ஆகியவற்றைச் செய்யலாம், மேட்டைத் தொடாமல் விட்டுவிடலாம். இந்த வழியின் பலவீனம், வேலை முடிந்த பிறகும் லைக்கார்ட் ஒரு நவீன அரங்கமாக இருக்காது என்பதே. மழை பெய்தால் பெரும்பாலோர் நனைவார்கள். கழகத்துக்கு வருமானம் தரும் விருந்தினர் அறைகள் சிலவே இருக்கும். நகரசபையின் பங்கு குடியிருப்பாளர்களின் வரிப்பணம் என்பதால் செலவு கூடினால் முதலில் கேள்வி எழுவதும் அங்கேதான்.

இரண்டாவது வழி, இடித்துவிட்டு முழுமையாகக் கட்டுவது. இதை ஆதரிப்பவர்களைக் கனவு காண்பவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை, ஏனென்றால் ஒருமுறை அது கைக்கெட்டும் தூரம்வரை வந்தது. ஒலிம்பிக் பூங்காவிலுள்ள பெரிய அரங்கத்தைத் திருத்தும் திட்டம் 2020இல் கைவிடப்பட்டதும் அந்தப் பணத்தைப் புறநகர் மைதானங்களுக்குத் தர வேண்டும் என்று லீக்கின் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய முதல்வர் பெரோட்டேயின் மாநில அரசும் இணங்கியது. லைக்கார்ட், புருக்வேல், குரொனுல்லா, பென்ரித் என்று பெயர்கள் அடிபட்டன. ஆனால் 2022 ஓகஸ்டில், வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் இருக்கும்போது அரங்கங்களுக்கு இவ்வளவு பணம் கொடுக்க முடியாது என்று சொல்லி அரசு பின்வாங்கியது. இறுதிப்போட்டியையே பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோவேன் என்று விலாண்டிஸ் எச்சரித்தும் பயனில்லை. கடைசியில் பென்ரித் ஒன்றுதான் தப்பியது.

பென்ரித் தப்பியதால் நமக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைத்தது. ஏறத்தாழ 25,000 பேருக்கான அந்த அரங்கத்துக்கு 300 மில்லியன் டொலருக்கு மேல் செலவு. ஓர் ஆளுக்குக் கணக்கிட்டால் 12,000 டொலருக்குக் குறையாது. வேலை நடக்கும் காலத்தில் நான்கு ஆண்டு தொடர்ந்து சம்பியனான அணி, 2025, 2026 இரண்டு பருவங்களும் தன் ஊரைவிட்டுப் பரமட்டாவில் ஆட வேண்டியதாயிற்று. பென்ரித் தன் சொந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே மைதானத்தில் ஆடும் கழகம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். லைக்கார்ட்டுக்கு இன்றைய பங்கீட்டில் வருவது நான்கைந்து ஆட்டங்கள். காற்பந்துக் கழகமான சிட்னி எஃப்சியும் ரக்பி யூனியன் அணியான வராட்டாஸும் தங்கள் அரங்கம் இடிக்கப்பட்டிருந்த காலத்தில் இங்கே வந்து ஆடினார்கள். மூர் பார்க்கில் புதிய அரங்கம் 2022இல் திறந்ததும் அந்தத் தேவை குறைந்துவிட்டது. ஆண்டுக்கு நான்கைந்து பெரிய நாட்களுக்காகப் பல நூறு மில்லியன் கேட்கும்போது, லைக்கார்ட்டை நேசிக்கும் எனக்கே அதற்கு வாதாட நா எழவில்லை.

செலவைவிட என்னைத் தடுப்பது இன்னொன்று. அந்த அளவு பணம் போட்டால் அதைத் திரும்ப எடுக்க இருக்கை வேண்டும், கூரை வேண்டும், விருந்தினர் அறை வேண்டும். இவை மூன்றும் வந்தால் மேடு இருக்காது. லைக்கார்ட் ஓவல் இருக்கும், சுற்றிலும் வீடுகள் நெருங்கிய லிலிஃபீல்டில் நாற்புறமும் உயரமான பார்வையாளர் மாடம் எழுப்புவதற்கு அயலவர்கள் எளிதில் சம்மதிக்கப்போவதுமில்லை. இடித்துக் கட்டிய பின் கிடைப்பது, பரமட்டாவில் ஏற்கெனவே இருக்கும் அரங்கத்தின் சிறிய பிரதி. பரமட்டாவில் இருப்பது ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. லைக்கார்ட்டுக்கோ லிலிஃபீல்ட் டிராம் நிறுத்தத்தில் இறங்கி ஏறத்தாழ இருபது நிமிடம் நடக்க வேண்டும்.

இதற்கும் முதல் வழிக்கும் இடையில் புருக்வேல் காட்டிய பாதை ஒன்று உண்டு. மான்லி கழகம் தன் மைதானத்தின் ஒரு முனையில் மட்டும் ஏறத்தாழ 3,000 இருக்கைகளோடும் பயிற்சி மையத்தோடும் புதிய மாடம் ஒன்றைக் கட்டி 2022இல் திறந்தது. அது பாப் ஃபுல்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேடு அப்படியே இருக்கிறது. டைகர்ஸுக்குக் கொன்கோர்டில் தனிப் பயிற்சி மையம் ஏற்கெனவே இருப்பதால் அந்தப் பகுதி இங்கே தேவையில்லை. ஒரு முனையில் அளவான மாடம் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, பரமட்டாவுக்கே போய்விடுவது. காகிதத்தில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 2019இல் திறந்த 30,000 இருக்கை அரங்கம் கட்டி முடிந்து நிற்கிறது. எந்த இருக்கையிலிருந்தும் ஆட்டம் தெளிவாகத் தெரியும், பெரும்பாலோர் மழையில் நனைய வேண்டியதில்லை, வாடகை கொடுத்தால் போதும். பெண்டில்ஹில், வெஸ்ட்மீட் பக்கங்களில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு லைக்கார்ட்டைவிட அது கிட்டவும்கூட. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த வசதி சிறிய விடயமில்லை என்பதை நானும் போய்வந்து அனுபவித்திருக்கிறேன்.

இருந்தும் இந்த வழியை நான் முற்றாக மறுக்கிறேன். இது ஏற்கெனவே செய்து பார்த்த சோதனை. பால்மெய்ன் கழகம் 1995இலும் 1996இலும் லைக்கார்ட்டை விட்டு, தன் பெயரையும் சிட்னி டைகர்ஸ் என்று மாற்றிக்கொண்டு, அன்றைய பரமட்டா அரங்கத்தில் ஆடியது. பெரிய நகரத்துக்கான பெரிய பெயர், வசதியான இடம், புதிய இரசிகர்கள் என்று இன்று சொல்லப்படும் காரணங்களே அன்றும் சொல்லப்பட்டன. புதிய இரசிகர்கள் வரவில்லை, பழையவர்கள் பின்தொடர்ந்து போகவுமில்லை. 1997இல் அணி பால்மெய்ன் என்ற பெயரோடு லைக்கார்ட்டுக்கே திரும்பிவிட்டது. பரமட்டா, ஈல்ஸ் என்ற எதிர்க்கழகத்தின் ஊர், ஆற்றின் அந்த வளைவில் மஞ்சளும் நீலமும் தவிர வேறு நிறம் ஊன்றுவதில்லை. புதிய அரங்கத்தின் முதல் லீக் ஆட்டம் 2019 ஈஸ்டர் திங்களன்று நடந்தது. திறப்பு விழாவுக்கு விருந்தாளியாகப் போன டைகர்ஸ் 51-6 என்று தோற்றுத் திரும்பியது. அந்த இடத்தை நம் வீடு என்று சொல்லச் சொன்னால் எந்த இரசிகருக்கு மனம் வரும்? முப்பதாயிரம் இருக்கைகளில் பன்னிரண்டாயிரம் பேர் சிதறி உட்கார்ந்தால் அரங்கம் வெறிச்சென்று தெரியும். அதே பன்னிரண்டாயிரம் பேர் லைக்கார்ட்டில் நின்றால் எதிரணி உதையாளரின் கால் நடுங்கும். நிறைந்த சிறிய இடமும் காலியான பெரிய இடமும் அணிக்கு ஒன்றல்ல.

ஊரைவிட்டுப் பிரிந்த கழகங்களுக்கு நேர்ந்ததையும் இந்த இடத்தில் மறக்கக்கூடாது. நோர்த் சிட்னி பெயர்ஸ் 1999இல் தன் ஓவலை விட்டுக் கொஸ்ஃபோர்ட்டை நம்பிப் புறப்பட்டது. அங்கே அரங்கம் தாமதமாகி, மான்லியோடு இணைந்து, அந்த இணைப்பும் முறிந்து, இப்போது 2027இல் பேர்த் நகரத்தின் அணியாகத்தான் அந்தக் கரடிச்சின்னம் மீண்டும் களமிறங்கவிருக்கிறது.

நான்காவது வழிதான் கடினமானது, ஏனென்றால் அதற்கு எதிரான வாதம் என்னிடம் முழுமையாக இல்லை. காம்பல்டவுன் மைதானம் லூமியா ரயில் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. சிட்னியில் வீடுகள் பெருகுவது அந்தப் பக்கம்தான். ஓரன் பார்க்கிலும் லெப்பிங்டனிலும் பத்து ஆண்டுகளுக்கு முன் மாடு மேய்ந்த நிலங்களில் இன்று தெருத்தெருவாக இளம் குடும்பங்கள். மேற்கு சிட்னி விமான நிலையமும் அந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறது. லைக்கார்ட்டைச் சுற்றி ஒரு காலத்தில் கப்பல்துறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. இன்றைய வீட்டுவிலைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே குடியிருக்க முடியாது, அவர்களில் பலர் தென்மேற்கில்தான் இருக்கிறார்கள். லெப்பிங்டன் பக்கம் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் இதை என்னிடம் இரண்டே வரியில் சொன்னார்: "அண்ணை, நீங்கள் அந்த மேட்டில நிண்டு பாக்கிறதுக்காக நான் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடி வாறன், வந்தால் கார் விட இடமில்லை. எங்கட பக்கம் வரச் சொன்னால் மட்டும் தூரம் எண்டு சொல்லுறியள்." அவருக்கு நான் அன்று ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

காம்பல்டவுனை ஒரே வீடாக்கினால் பால்மெய்ன் பாதி இரசிகர்கள் அறுந்துபோவார்கள் என்பது உண்மை. அதே அளவுக்கு, லைக்கார்ட்டை ஒரே வீடாக்கினால் வெஸ்ட்ஸ் பாதி அறுந்துபோகும். 1999இல் ஏற்றுக்கொண்ட இணைப்பு இரண்டு ஊரையும் ஏற்றுக்கொண்ட இணைப்பு. ஆகையால் ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கும் எந்தத் திட்டமும், அது என் ஊராகவே இருந்தாலும், சரியில்லை என்று நினைக்கிறேன். பங்கீட்டில் மிகையாக இருப்பது மூன்றாவது இடம். பரமட்டாவுக்குப் போகும் ஆட்டங்களை எடுத்து, ஆறு லைக்கார்ட்டில், ஆறு காம்பல்டவுனில் என்று நிலைநிறுத்தினால் இரண்டு பக்கத்துப் பருவச்சீட்டுக்காரர்களுக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கணக்குத் தெரிந்துவிடும். பரமட்டாவில் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பகுதியைக் கழகம் இழக்கும். அதைச் சீட்டு விலையில் ஏற்றாமல் தாங்குவது கழகத்தின் பொறுப்பு.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? லைக்கார்ட்டுக்கு முதல் வழி, அந்த 40 மில்லியனும், அதற்குள் முடியுமானால் ஒரு முனையில் அளவான மாடமும் போதும். அதற்குமேல் நூற்றுக்கணக்கான மில்லியன் செலவழிக்க எந்த அரசாவது ஒருநாள் முன்வந்தால், அது காம்பல்டவுனுக்குப் போகட்டும் என்று உள்மேற்கு இரசிகர்களாகிய நாமே கேட்க வேண்டும். அங்கே ரயில் இருக்கிறது, வளரும் மக்கள்தொகை இருக்கிறது, மக்கார்தர் எஃப்சி என்ற காற்பந்துக் கழகமும் இன்னொரு குடியிருப்பாளராக இருப்பதால் அரங்கம் கோடையிலும் சும்மா கிடக்காது. என்னோடு மேட்டில் நிற்கும் பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். லைக்கார்ட்டைக் காப்பாற்றுவதற்கு நாம் கொடுக்கக்கூடிய நேர்மையான விலை இதுதான் என்று நான் நம்புவதால் எழுதுகிறேன்.

லைக்கார்ட்டில் செலவழிக்கும் 40 மில்லியனில் எது முதலில் நடக்கிறது என்பதும் முக்கியம். கட்டுமானத்தில் பணம் நடுவழியில் தீர்ந்துபோவது வழக்கம், அப்போது கடைசியில் வைத்த வேலைதான் வெட்டுப்படும். ஆகவே தடுப்புகளும் படிகளும் முதலில், பெண்கள் கழிப்பறையும் உடை மாற்றும் அறைகளும் அடுத்தது, விருந்தினர் அறைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று நகரசபை எழுத்தில் வைக்க வேண்டும். சக்கரநாற்காலிகளுக்கான தளத்தைப் புதிய மாடத்தில் மட்டும் ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லவும்கூடாது. வடக்கு முனைக்கோ மாடத்துக்கோ தனியே அனுப்பப்படாமல், மேட்டின் அடியிலேயே, கோட்டுக்கு அருகில் ஒரு தளம் வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக அந்தச் சரிவில் நின்று பார்த்தவர், முழங்கால் தளர்ந்த பிறகும் தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கும் பக்கத்திலிருந்தே ஆட்டத்தைப் பார்க்கட்டும்.